பழகத் தெரியாதவரா? ஆள் பார்த்துப் பழகுபவரா?

"பாவம், நல்ல பிள்ளை, மூளைக்காரன். பெண்களிடம் பழகத்தான் தெரியவில்லை!"

தரமணியிலும் சிறுசேரியிலும், பெங்களூரிலும் ஐதராபாத்திலும், கண்ணாடி போர்த்திய கணினி மாளிகைகளிலே, ஒரு பெண் தன் மேலாளர்மீது குறை கூறத் துணியும்போதெல்லாம் முந்திக்கொண்டு எழும் குரல் இது. புகார் மேலிடத்தை எட்டுமுன்னே இரக்கம் புறப்பட்டுவிடுகிறது. யார்மீது இரக்கம்? இழிவுக்கு ஆளானவள்மீதா? இல்லை, இல்லை! இழிவு செய்தவன்மீது! அவன் குற்றவாளி அல்லவாம்; குறைபாடு உடையவனாம். தண்டிக்கத் தக்கவன் அல்லவாம். பயிற்சி தரத் தக்கவனாம். அந்த நோய்க்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள்: 'சோஷியல் ஸ்கில்ஸ்' போதாமை! பழகு திறன் குன்றியவர்களாம் பொறியாளர்கள்!

தோழர்களே, இந்த ஒரே போர்வைக்குள் எதை எதையெல்லாம் மூடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் அவள் கைப்பேசியில் வந்து விழும் வேண்டாத செய்தி, போர்வைக்குள் போடு! கூட்டத்தில் அவள் வாய் திறந்ததும் குறுக்கே பாயும் மேதாவித்தனம், போர்வைக்குள் போடு! அவள் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்துத் தன் யோசனையாக எடுத்துரைக்கும் திருட்டு, போர்வைக்குள் போடு! அவள் உடையைப் பற்றி ஒரு 'நகைச்சுவை', அவள் பெற்ற பதவி உயர்வைப் பற்றி ஒரு கண்சிமிட்டல், பிள்ளை பெற்றுத் திரும்பியவளுக்கு ஒதுக்கப்படும் உப்புச்சப்பற்ற வேலை, எல்லாமே போர்வைக்குள்! அந்தப் போர்வையைச் சற்றே விலக்கிப் பார்க்க வேண்டாமா?

நெல்லும் உளுந்தும் விளையும் காவிரிக் கழனியிலே நின்றுகொண்டு கணினிக் கம்பெனியைப் பற்றி உமக்கேன் கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு! ஒரத்தநாட்டிலும் பாபநாசத்திலும் மன்னார்குடியிலும் அரசுப் பள்ளியில் படித்த பெண்கள்தாம் இன்று அந்த மாளிகைகளிலே அமர்ந்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வந்து ஊர் திரும்பும் கூட்டத்தை உழவன் விரைவுவண்டியில் பாருங்கள். தாய் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலமும் கம்பெனி கொடுத்த மடிக்கணினியுமாக எத்தனை பெண்கள்! 2024 செப்டம்பரில் தஞ்சையிலேயே நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கணினித் தொழில் நம் வாசலுக்கு வந்துவிட்டது. அது வரும்போது தன் வேலைவாய்ப்பை மட்டுமா கொண்டுவரும்? தன் நியாயங்களையும் சாக்குகளையும் கூடவே கொண்டுவரும். வாய்ப்பை வரவேற்போம். சாக்கை வாசலிலேயே நிறுத்துவோம்!

முதலில் அந்தச் சாக்கைச் சோதித்துப் பார்ப்போம். பகுத்தறிவாளர் எதையும் சோதித்த பின்னரே ஏற்பவர்கள்.

பெண்களிடம் பழகத் தெரியாதவர் என்கிறீர்களே, அந்த மனிதர் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? என்ன பணிவு! என்ன பக்குவம்! அனுப்பும் மின்னஞ்சலை மூன்று முறை படித்துப் பார்க்கிறார். ஒரு சொல் கூடினால் குறைக்கிறார், குறைந்தால் கூட்டுகிறார். எதிர்ப்புறத்தில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார். அந்த வாடிக்கையாளர் ஒரு பெண்ணாக இருந்தால்? அப்போதும் அதே பணிவு, அதே பக்குவம்! அவள் உடையைப் பற்றி ஒரு சொல் உண்டா? நள்ளிரவுச் செய்தி உண்டா? குறுக்கே பாயும் மேதாவித்தனம் உண்டா? மருந்துக்கும் இல்லை!

அறியாமை ஆள் பார்க்காது. நீந்தத் தெரியாதவன் கல்லணைக் கால்வாயிலும் மூழ்குவான், கடலிலும் மூழ்குவான். இந்த மனிதரோ மேலே இருக்கும் பெண்ணிடம் நன்றாக நீந்துகிறார். கீழே இருக்கும் பெண்ணிடம் மட்டும் 'மூழ்கி' விடுகிறார்! இதற்குப் பெயர் திறமைக் குறைவா? எவளிடம் எதைச் செய்தால் தன் நாற்காலி ஆடாது என்று நொடிப்பொழுதில் கணக்கிடும் இந்த ஆற்றல், சோஷியல் ஸ்கில்ஸ் குறைவினால் வந்ததா? நிறைவினால் வந்தது! ஆதிக்கக்காரனின் பழகு திறன் அது.

தஞ்சை மண்ணுக்கு இது புதுக்கதையன்று. மிராசுதார்கள் ஆண்ட காலத்தை நம் பாட்டிமார் இன்னும் மறக்கவில்லை. நடவு வயலில் குனிந்திருந்த பெண்களை எந்தச் சொல்லால் விளிப்பது என்பதற்கு அன்று வரம்பில்லை. அதே மிராசுதார் கலெக்டர் முகாமுக்குப் போனால் கைகட்டி நின்றார். வாயிலிருந்து தேன் சொட்டிற்று. வரப்பிலே வசைமாரி, முகாமிலே வாழ்த்துமாரி! ஊரிலே காரியஸ்தர் சொன்ன சமாதானம் என்ன? "அய்யாவுக்கு முன்கோபம், மனம் தங்கம்." இன்று மனிதவளத் துறை சொல்லும் சமாதானம் என்ன? "அவருக்குப் பழகத் தெரியாது, மூளை தங்கம்." தங்கம் மாறவில்லை, தோழர்களே, தட்டான்தான் மாறியிருக்கிறான்!

மிராசுதாருக்கு இனிமையாகப் பேசக் கற்பித்தா பண்ணையாள் தலைநிமிர்ந்தான்? சங்கம் கண்டான், போராடினான், தடியடி பட்டான், 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆதிக்கத்தின் நாவை அடக்கியது சட்டமும் சங்கமும் ஆகும். மனமாற்றத்துக்காகக் காத்திருந்தால் இன்றும் காத்திருக்க வேண்டியதுதான்.

பழகு திறன் இல்லாதவர்கள்தாம் தவறிழைக்கிறார்கள் என்போர் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பழைய ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். 2002-இல் அந்நிறுவனத்தின் உலக விற்பனைத் தலைவராகவும் இயக்குநராகவும் இருந்த பனீஷ் மூர்த்திமீது அமெரிக்காவில் முன்னாள் பெண் அலுவலர் ஒருவர் பாலியல் தொல்லை வழக்குத் தொடுத்தார். மூர்த்தி பதவி விலகினார், குற்றச்சாட்டை மறுத்தார். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நிலை வரவில்லை. 2003-இல் 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அந்த வழக்கில் உண்மை எது என்று தீர்ப்பெழுத நாம் நீதிபதிகள் அல்லர். நாம் எழுப்புவது ஒரே கேள்விதான்: குற்றம் சாட்டப்பட்டவர் மூலையில் ஒடுங்கிக் கிடந்த கூச்சக்காரரா? கம்பெனிக்காக நாடு நாடாகச் சென்று மனிதரைப் பேச்சால் கவர்ந்து வணிகம் பிடித்த விற்பனைத் தலைவர்! 'பழகத் தெரியாதவர்' என்ற முத்திரை அவர் நெற்றியில் எப்படி ஒட்டும்?

கடல் கடந்தும் பார்ப்போம். 2017 பிப்ரவரியில் சூசன் ஃபவுலர் என்ற இளம் பொறியாளர், ஊபர் நிறுவனத்தில் தாம் பட்ட பாட்டை உலகறிய எழுதினார். பயிற்சி முடிந்து குழுவில் சேர்ந்த முதல் நாளே மேலாளர் அலுவலகச் செய்திப்பலகை வழியாகத் தம் ஆசையை அனுப்பினார். ஃபவுலர் அதைப் படமெடுத்து மனிதவளத் துறையிடம் கொடுத்தார். கிடைத்த பதில்: அவர் மிகத் திறமையானவர், இது முதல் பிழை, தெரியாமல் செய்தது, கடுமையாகத் தண்டிக்க மனமில்லை! பிறகு பார்த்தால், அதே மேலாளர்மீது வேறு பெண்களும் முன்னரே புகார் கொடுத்திருந்தனர். அவர்கள் ஒவ்வொருவரிடமும் 'முதல் பிழை' என்றே கூறியிருக்கிறார்கள். எத்தனை முதல் பிழை ஐயா ஒரு மனிதனுக்கு! அந்த ஒரு கட்டுரை மூட்டிய தீயில் இருபதுக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். ஆண்டின் நடுவில் நிறுவனத் தலைவரே பதவி துறந்தார். அங்கே குறைந்திருந்தது பழகு திறனா? தட்டிக் கேட்பார் இல்லாத துணிச்சல் அல்லவா நிறைந்திருந்தது!

சரி, பொறியாளர் என்றாலே மனிதரோடு ஒட்டாதவர் என்ற இந்த எண்ணம் எங்கே பிறந்தது? வேதத்தில் உள்ளதா? இயற்கை விதியா? அதன் பிறப்புச் சான்றிதழையும் பார்த்துவிடுவோம்.

கணினிக்கு நிரல் எழுதும் தொழில் ஆணின் தனிச்சொத்தாகப் பிறக்கவில்லை. 1946-இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் பெரும் மின்னணுக் கணினி உலகுக்கு அறிமுகமானபோது, அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷர்லி என்ற பெண் 1962-இல் மென்பொருள் நிறுவனம் தொடங்கினார்; பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி வராததால் 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார்; கதவுகள் திறந்தன! அவருடைய முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். பிள்ளை வளர்த்துக்கொண்டே வீட்டிலிருந்து நிரல் எழுதியவர்கள்.

தொழிலில் பணமும் மதிப்பும் சேரத் தொடங்கியதும் காட்சி மாறிற்று. 1966-இல் கேனன், பெர்ரி என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் நல்ல நிரலாளரின் குணம் எது என்று ஆராய்ந்தனர். ஆராயப்பட்டவர் 1,378 பேர். அவர்களில் பெண்கள் 186 பேரே. கண்ட முடிவு இரண்டு: நிரலாளர் புதிர் விடுவிப்பதை விரும்புவர், மனிதரோடு நெருங்குவதை விரும்பார். ஏற்கெனவே பெரும்பாலும் ஆண்களாயிருந்த ஒரு கூட்டத்தின் சாயலைப் படமெடுத்து, 'இதுவே நிரலாளரின் திருவுருவம்' என்று மாட்டிவிட்டார்கள்! இத்தகைய அளவுகோல்களைக் கொண்டு கம்பெனிகள் ஆளெடுத்தன. மனிதரை விரும்பாதவன் வேண்டும் என்று சலித்தெடுத்துவிட்டு, 'ஐயோ, இவர்களுக்கு மனிதரோடு பழகத் தெரியவில்லையே' என்று பின்னர் அங்கலாய்ப்பது எப்படி இருக்கிறது? பதரைத் தேடிப் பொறுக்கி விதைத்துவிட்டு, பயிர் முளைக்கவில்லையே என்று காவிரியைப் பழிப்பது போலிருக்கிறது!

விளைவு? அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெறுவோரில் பெண்களின் பங்கு 1984-இல் 37 விழுக்காடு வரை உயர்ந்தது. பின்னர் சரிந்து சரிந்து ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்கு வந்தது. பெண்ணின் மூளை இருபது ஆண்டுகளில் சுருங்கிவிட்டதா? நம் நாட்டிலோ கணினித் தொழிலில் பணிபுரிவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். நம் பொறியியல் கல்லூரிகளின் கணினி வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். ஒரே கணினி, ஒரே கணிதம். ஒரு நாட்டில் பெண்ணுக்கு ஒவ்வாததாம், மற்றொரு நாட்டில் ஒத்துவருமாம்! இயற்கை என்று எதைச் சொன்னார்களோ அது ஏற்பாடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த ஏற்பாட்டை உடைத்த வரலாறு தமிழகத்துக்கு உண்டு. பதினெட்டு வயதில் கணவனை இழந்து கைக்குழந்தையோடு நின்ற லலிதா என்ற பெண், கைம்மைக்கோலம் பூண்டு மூலையில் அமர மறுத்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றார். 1943-இல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்றே அச்சிட்டிருந்தார்கள். அதை அடித்து 'அவள்' என்று திருத்த வேண்டியதாயிற்று! 1974-இல் டெல்கோ நிறுவனம் பொறியாளர் வேலைக்குப் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றே விளம்பரம் செய்தது. இன்று சுதா மூர்த்தி என அறியப்படும் மாணவி, ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு ஓர் அஞ்சலட்டையில் தம் கண்டனத்தை எழுதினார், வேலையும் பெற்றார். நம் தஞ்சைக்கு அருகே வல்லத்தில் 1988-இல் பெண்களுக்கென்றே பெரியார் மணியம்மை தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. சான்றிதழில் ஒரு சொல்லைத் திருத்துவதிலிருந்து ஒரு கல்லூரியையே எழுப்புவது வரை வந்த பயணம் இது. அந்தப் பயணத்தின் முடிவிலே நம் பெண் சென்றடைவது, 'அவனுக்குப் பழகத் தெரியாது, நீதான் அனுசரித்துப் போக வேண்டும்' என்று கூறும் அறையாக இருக்கலாமா?

அனுசரிப்பு! அங்கேதான் இருக்கிறது இந்தப் புரட்டின் மறுபக்கம். கல்லூரியின் இறுதியாண்டில் வேலைக்கு ஆளெடுக்க வருமுன் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பு நடக்கிறதே, அங்கே பெண்ணுக்கு என்ன கற்பிக்கிறார்கள்? புன்னகை செய். குரலைத் தாழ்த்து. மறுத்துப் பேசாதே. துப்பட்டாவைச் சரியாகப் போடு. அவளுக்கு இந்தப் பாடம் புதிதா? தொட்டிலிலிருந்து படித்த பாடந்தானே! ஆண் சிடுசிடுத்தால் மேதை. பெண் சிடுசிடுத்தால் திமிர். அவன் பேசாதிருந்தால் ஆழ்ந்த சிந்தனை. அவள் பேசாதிருந்தால் தன்னம்பிக்கைக் குறைவு. அவன் அடித்துப் பேசினால் தலைமைப் பண்பு. அவள் அடித்துப் பேசினால் குடும்பத்துக்கு ஆகாதவள். பழகு திறன் இல்லாமை ஆணுக்குச் சலுகை. பழகு திறன் பெண்ணுக்குக் கட்டாயம்! இதுதானா சமன்?

"எல்லோரும் அப்படிக் கணக்குப் போட்டுச் செய்பவர்கள் அல்லர், உண்மையிலேயே கூச்சமுள்ளவர்கள் இல்லையா?" என்று நேர்மையான நண்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. விடை கூறுவோம்.

உண்டு, கூச்சமுள்ளவர்கள் நிறைய உண்டு. ஆனால் கூச்சம் என்ன செய்யும்? ஒதுங்கும், தலை குனியும், சொல்ல வந்ததை விழுங்கும். கூச்சம் நள்ளிரவில் கதவைத் தட்டுமா? ஆட்டிசம் போன்ற இயல்புடன் பிறந்து, பிறர் முகக்குறிப்பை எளிதில் உணர இயலாதோரும் நம்மிடையே உண்டு. விதியைத் தெளிவாகச் சொன்னால் அதைப் பற்றிக்கொண்டு நேர்மையாக நடப்பவர்கள் அவர்களிடையே பலர். அவர்களுடைய இடர்ப்பாட்டை எடுத்து எத்தர்களின் முகமூடியாக்குவது, அந்த எளிய மனிதர்களுக்கும் சேர்த்துச் செய்யும் அவதூறு! கூச்சக்காரனுக்குத் தேவை அன்பு. எத்தனுக்குத் தேவை தடை. இரண்டையும் ஒரே பெயரிட்டு அழைப்பது, களையையும் கதிரையும் ஒரே கட்டாகக் கட்டுவதாகும்.

எனினும் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெண்ணோடு சமமாக அமர்ந்து பேசி அறியாத இளைஞர்களை நம் நாடு ஆண்டுதோறும் ஆயிரம் ஆயிரமாக உருவாக்கி அனுப்புகிறது. உருவாக்குவது யார்? நாம்தான்! ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாக விளையாடிய பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் பிரிக்கிறோம். ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. குறும்பு செய்த பையனுக்கு நாம் தரும் தண்டனை என்ன தெரியுமா? 'போ, பெண்கள் பக்கம் உட்கார்!' பெண்ணின் பக்கத்தில் அமர்வதே இழிவு என்ற பாடத்தைப் பாடநூலில் இல்லாமலேயே நடத்தி முடித்துவிடுகிறோம். தனியார் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் மாடிப்படிகூட வெவ்வேறு. பேருந்தில் முன்பாதி, பின்பாதி. ஆணும் பெண்ணும் பேசினால் பெற்றோருக்குத் தொலைபேசி! வருங்காலப் பாலங்களைக் கட்டப் போகிறவர்களாம். ஒருவரோடு ஒருவர் பேசத் தடையாம்!

ஏன் இந்தக் காவல்? ஒழுக்கம் என்கிறார்கள். ஒழுக்கமா? சாதி! பேசினால் பழகுவார்கள், பழகினால் விரும்புவார்கள், விரும்பினால் சாதி பாரார்கள். அந்த அச்சம்தான் மாடிப்படியை இரண்டாக்குகிறது. அச்சம் முற்றினால் அரிவாள் எடுக்கிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டி வீழ்த்தப்பட்ட இளைஞர் ஒரு பொறியியல் மாணவர். 2025 சூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டவர் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றியவர். பெண்ணோடு பேசாதே என்று பதினெட்டு ஆண்டுகள் பூட்டி வைத்து, பிறகு ஒரே நாளில் அவளோடு ஒரே மேசையில் அமர்த்தி, பண்போடு நடந்துகொள் என்றால் நடக்குமா? தோழியாகப் பெண்ணைக் காணாதவன் கண்ட பெண் எது? திரைப்படத்தில் பின்தொடரப்படும் பெண்; வீட்டிலே தட்டெடுத்துக் கழுவும் பெண். அந்த இரண்டு வேடத்தையும் அலுவலகத்திலும் தேடுகிறான்.

ஆகவே, அறியாமை மெய்யாக உள்ள இடத்திலும் அது வானத்திலிருந்து விழவில்லை. சாதியைக் காக்க நாம் கட்டிய சுவரின் நிழல் அது. நிழலை மன்னிக்கச் சொல்லிச் சுவரைக் காப்பாற்றுகிறார்கள், அதுதான் சூழ்ச்சி!

தனி மனிதனின் கூச்சத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத இடத்தையும் பார்ப்போம். திருப்பெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்கு மணமான பெண்களை முறையாகவே ஒதுக்கினர் என்று 2024 சூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது. கூறப்பட்ட காரணங்கள்: குடும்பப் பொறுப்பு, கருவுறுதல், அடிக்கடி விடுப்பு, அத்தோடு தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடையூறாம்! 2022-இல் ஆளெடுப்பில் குறைகள் இருந்தன, திருத்திவிட்டோம் என்றது நிறுவனம். பாகுபாடு காட்டுவதாகச் சொல்வதைக் கடுமையாக மறுத்தது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி ஒன்றிய அரசு தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. பிறகு ஆளெடுப்பு விளம்பரங்களில் மணமானவரா என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று முகவர்களுக்கு நிறுவனம் ஆணையிட்டதாக அவ்வாண்டு நவம்பரில் செய்தி வந்தது. கவனியுங்கள் தோழர்களே: தாலியைக் கழற்றினால் குலநாசம் என்கிறது சமுதாயம், தாலியோடு வந்தால் வேலை இல்லை என்கிறது ஆலை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவள் பெண்! அந்த விளம்பரத்தை எழுதியது யாருடைய கூச்சம்? எந்தப் பொறியாளனின் சோஷியல் ஸ்கில்ஸ் குறைவு? இலாபக் கணக்கு எழுதியது அது!

இப்போது ஆணாதிக்கத்தின் பழைய வழக்கத்தை நினைவுகூருங்கள். பெண்ணை இழிவுபடுத்தும் ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் ஒவ்வொரு காலத்திலும் ஓர் அழகிய பெயர் உண்டு. சிறுமியைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டினார்கள். 'கலை' என்றார்கள், 'தெய்வத்தொண்டு' என்றார்கள். மயிலாடுதுறை அருகே மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் அந்தப் பெயரைக் கிழித்து உள்ளிருந்ததைக் காட்டினார். ஊர் ஊராகப் பேசினார். 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்று புதினமே எழுதினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அரசுப் பள்ளி மாணவியர் உயர்கல்வி பயில மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2022 முதல் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் பெயரால் படித்து வேலைக்குப் போகும் பெண்ணிடம் அதே பழைய இழிவைப் புதுப் பெயரில் நீட்டுகிறார்கள். அன்று கலை, இன்று குணக்குறை. பெயரைக் கிழிக்கும் வேலை இம்முறை நம்முடையது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதை முதலில் படியுங்கள். இராசத்தான் சிற்றூரில் குழந்தை மணத்தைத் தடுக்க முனைந்த பன்வாரி தேவி என்ற ஊழியரை 1992-இல் ஆதிக்கக்காரர்கள் சேர்ந்து சீரழித்தனர். 1995-இல் கீழ்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உயர்சாதியார் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொடமாட்டார்கள் என்ற வாதமும் அங்கே எடுபட்டது! தீண்டாமையையே குற்றவாளிக்குக் கேடயமாக்கிய கொடுமையைப் பார்த்தீர்களா? அந்தக் கொடுமையிலிருந்து எழுந்த வழக்கில்தான் 1997-இல் உச்சநீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பத்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைமை ஏற்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். வெளியார் ஒருவர் இருக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பத்துக்குக் குறைந்த இடங்களுக்கும் மாவட்ட அளவில் குழு உண்டு. பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

அச்சட்டத்தின் இதயம் எங்கே இருக்கிறது தெரியுமா? செய்தவன் மனத்தில் என்ன நினைத்தான் என்பதை அது அளவுகோலாகக் கொள்ளவில்லை. அந்தச் செயல் அவளுக்கு வேண்டாததாக இருந்ததா என்பதையே கேட்கிறது. 'தெரியாமல் செய்தான்' என்ற சாக்குக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆனால் எத்தனை கம்பெனிகளில் அந்தக் குழு சுவரில் ஒட்டிய காகிதமாக மட்டுமே இருக்கிறது! மார்ச் 8 வந்தால் ரோசாப்பூ, கேக்கு, கோலப்போட்டி. மார்ச் 9 வந்தால் பழைய குருடி, கதவைத் திறடி! பூக் கொடுப்பது எளிது; நியாயம் கொடுப்பதுதான் கடினம்.

ஆதலின், பகுத்தறிவு பேசும் இளைஞனே, உன்னிடம்தான் சில சொற்கள். கூட்டத்தில் ஒரு பெண்ணின் பேச்சை ஒருவன் குறுக்கே வெட்டும்போது, 'அவர் முடிக்கட்டும்' என்று சொல்ல உனக்கு எந்தப் பட்டம் வேண்டும்? அவள் யோசனையை மற்றொருவன் தனதாக்கும்போது, 'இதை முதலில் சொன்னவர் இவர்' என்று நினைவூட்ட எத்தனை துணிவு வேண்டும்? உன் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலே உடன் பணிபுரியும் பெண்ணின் படத்தைப் போட்டுக் கேலி நடக்கும்போது நீ மௌனமாக இருந்தால், மேடையில் நீ முழங்கும் பெண்ணுரிமைக்கு என்ன விலை? வீட்டில் தங்கை உனக்குத் தட்டுக் கழுவிக்கொண்டிருக்க நீ சமத்துவக் கவிதை எழுதினால், அந்தக் கவிதையை அவள் எப்படிப் படிப்பாள்?

பெண்ணே, உன்னிடமும் ஒன்று. உள்ளகக் குழுவில் யார் யார் என்று வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேள். வந்த செய்தியை அழிக்காதே; நாளும் நேரமும் குறித்து வை. தனியே போராடாதே, உடன் பணிபுரியும் பெண்களோடு சேர். கணினிப் பணியாளர் என்றால் சங்கம் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உன் பாட்டி நடவு வயலில் கூலிக்காகச் சேர்ந்து குரல் கொடுத்தவள். கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதால் உன் குரல் அடைத்துவிட வேண்டுமா?

ஆசிரியத் தோழர்களே, நம்மிடம் இருப்பது சிறிய கருவி. ஆனால் வேரை எட்டும் கருவி. வகுப்பில் வரிசையைக் கலையுங்கள். ஆய்வகத்தில் ஆணையும் பெண்ணையும் ஒரே சோதனைக்குச் சேர்த்து நிறுத்துங்கள். கரும்பலகையைத் துடைப்பதும் பெருக்குவதும் பையனுக்கும் வரட்டும்; கணிப்பொறியின் முன் முதல் இடம் பெண்ணுக்கும் வரட்டும். பெண்கள் பக்கம் உட்காரச் சொல்வது தண்டனை என்ற பாழும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்றோடு ஒழியட்டும். பத்து ஆண்டு ஒரே பலகையில் அமர்ந்து, சண்டையிட்டு, சமாதானமாகி, கணக்கைப் பகிர்ந்து வளர்ந்தவனுக்குப் பிறகு எந்தக் கம்பெனியும் 'சோஷியல் ஸ்கில்ஸ்' வகுப்பு நடத்த வேண்டியிராது.

அறிவு கூர்மையாக இருந்தும் மக்கட்பண்பு இல்லாதவரை வள்ளுவர் மரத்தோடு ஒப்பிட்டார். அவர் அப்படிப்பட்டவருக்குச் சலுகை கொடுக்கவில்லை. 'மூளைக்காரர், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று பரிந்துரைக்கவும் இல்லை. 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை என்று தீர்மானம் போட்டபோது நகைத்தார்கள். 60 ஆண்டு கழித்து, 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. இந்த நியாயத்துக்கும் அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டுமா? தஞ்சையில் திறந்த கணினிப் பூங்காவுக்கு இன்றே நம் நிபந்தனையை எழுதி அனுப்புவோம்: நம் பெண்கள் வருகிறார்கள், அறிவோடு வருகிறார்கள், அனுசரிக்க வரவில்லை. பழகத் தெரியாதவர்கள் பழகக் கற்றுக்கொள்ளட்டும். ஆள் பார்த்துப் பழகுகிறவர்கள் வெளியேறட்டும்!